நடை சாத்தியிருந்த கப்பல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

கப்பல் மணியைக் கோடையில் சோதிக்கிற வேலையை, நூதனசாலை பூட்டியிருக்கும் திங்கட்கிழமையில் வைக்காமல், ஸ்காபரோவிலிருந்து முதியோர் சங்கத்தின் பஸ் வருகிற நாளில் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ யோசிக்காமல் போட்ட ஒழுங்கு போலத்தான் தெரியும். யோசித்துத்தான் போட்டது. அதற்குக் காரணமான நாளில் பக்கத்தில் நின்றவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற இந்த நேரத்தில் அதை எழுதித் தந்தால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கப்பல் தெரிந்தவனும் இல்லை. எனக்கு இணுவில் பக்கம். கடல் பார்க்க பஸ் எடுத்துப் போகவேண்டிய ஊர். கனடாவுக்கு வந்து பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்கினேன். முதுகு கைவிட்டது. கோயிலில் பழக்கமான ஒருவர், ஏரிக்கரையில், பழம்பொருள் வைத்துக் காட்டுகிற ஒரு நூதனசாலையில் தரை கூட்டவும் பல்ப் மாற்றவும் ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். வீட்டில் மனுசிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "போயும் போயும் ஒரு போர்க்கப்பலுக்கோ சேவகம் செய்யப் போறியள்?" என்று கேட்டா. முழுக் கப்பல் இல்லை, பாதிக் கப்பல்தான் இருக்கிறதாம் என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தப் பாதிக் கப்பலை உங்களுக்குத் தெரியும். நீங்கள் நாளாந்தம் அதன் பெயரைச் சொல்லுகிறவர்கள். ஆனாலும் நான் எப்படிச் சொல்லுவேன் என்பதை ஒருதரம் கேளுங்கள். இந்த ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சண்டை நடந்த காலத்தில், ஒரு பனிக்காலத்துக்குள், காயவிடக்கூட நேரமில்லாமல் பச்சை ஓக் மரத்தை வெட்டி அவசரமாகக் கட்டிய பாய்க்கப்பல் அது. பெரிய வெற்றி ஒன்றும் அதன் கணக்கில் இல்லை. எதிரியைத் துரத்திப் போனதைவிட, எதிரியைக் கண்டு குடாவுக்குள் ஓடி ஒளித்ததுதான் கூட. சண்டை முடிந்ததும் பீரங்கிகளை இறக்கினார்கள். கோதுமை மா மூட்டை ஏற்றினார்கள், உப்பு ஏற்றினார்கள், குடியேற வந்த சனத்தை ஏற்றினார்கள், அந்தச் சனத்தில் காய்ச்சலோடு கிடந்தவர்களையும் ஏற்றினார்கள். பிறகு பாய்மரங்களைக் கழற்றி, மேலே ஒரு கூரையைப் போட்டு, சிப்பாய்கள் படுக்கிற கொட்டகை ஆக்கினார்கள். அதற்கும் உதவாது என்றானபின், கட்டியிருந்த இடத்திலேயே ஒரு நாள் மெல்லத் தாழ்ந்துவிட்டது. சேற்றுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்ததைத் தூக்கிக் கழுவித்தான் எங்கள் மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். ஓடி, ஒளித்து, பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்து களைத்த கப்பல். எங்கள் ஆட்களைப் போல. அதனால்தான் எனக்கு அதில் அவ்வளவு பட்சம் வந்தது என்று நினைக்கிறேன். காலையில் மண்டபத்துக்கு லைற் போடும்போது "சிவசிவா" என்று சொல்லித்தான் போடுவேன்.

எனக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லித் தந்தவர், பழம்பொருட்களைப் பாதுகாக்கிற பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஓர் அம்மா. நியூபவுண்லாந்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண். எதற்கும் சத்தம் போடமாட்டார். ஆனால் அவர் பார்வைக்குப் பயந்து இயக்குநரே கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குள் நடப்பார். நான் தரை துடைக்கும்போது நின்று நின்று விளக்கப் பலகைகளை வாசிப்பதைக் கண்டவர், ஒரு நாள் என்ன விளங்கவில்லை என்று கேட்டார். ஒரு பலகையில், இந்தக் கப்பல் எதிர்க்கரையில் படைகள் தரையிறங்க உதவியது என்று ஒரு வரி இருந்தது. எப்படி உதவியது என்று கேட்டேன். அவர் சொன்னார். கரையில் ஒரு சின்னக் கிராமம். விடியற்காலையில் கப்பல் அதற்கு நேரே வந்து நின்று வீடுகளுக்குச் சுட்டது. சனம் காட்டுக்குள் ஓடியபின் சிப்பாய்கள் இறங்கி, மிச்ச வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள்.

பலகையில் அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். பலகையில் இடம் குறைவு, மிச்சத்தைச் சொல்லத்தான் மனிதருக்குச் சம்பளம் தருகிறோம் என்றார். சில மாதங்களில் என்னைத் துடைப்பத்தோடு நிற்க விடாமல், தமிழ் ஆட்கள் வந்தால் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிற வேலைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

முதியோர் சங்கத்தின் பஸ் அதுதான் முதல்முறை வந்தது. சங்கத் தலைவர் செல்வராசா அண்ணை ஊரில் தபாலதிபராக இருந்தவர். எங்கே போனாலும் முன்னுக்குப் போகிறவர். எங்கே போகிறோம் என்று தன் ஆட்களுக்கு அவர் சொன்னது "கப்பல் பாக்கப் போறம்" என்ற மூன்று சொல் மாத்திரம். பாதிப் பேர் தீவுக்குப் போகிற படகு என்று நினைத்துப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மண்டப வாசலில் மணி தொங்குகிறது அல்லவா. கப்பலோடு சேற்றிலிருந்து எடுத்த அதே மணி. விளிம்பிலிருந்து மேலே மயிர் போல ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. ஓங்கி அடித்தால் பிளந்துவிடும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். இன்றைக்கு அதன் நாக்கைத் தோல்வாரால் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குக் கட்டவில்லை. தொடாதீர்கள் என்று ஒரு சின்ன அட்டை மாத்திரம். அதுவரைக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட அதைத் தொட்டதில்லை.

ஆனால் எங்கள் ஆட்களை யோசித்துப் பாருங்கள். வாசல். வாசலுக்கு மேலே வெண்கல மணி. மணி நாக்கில் கைக்கு எட்டுகிறமாதிரி ஒரு கயிறு. உள்ளே மெல்லிய வெளிச்சத்தில் கறுப்பாக, பெரிதாக ஏதோ ஒன்று. செல்வராசா அண்ணை ஒன்றும் யோசிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார், கயிற்றைப் பிடித்தார், ஆட்டினார்.

கணீர் என்று வரவில்லை. வெடித்த பானையில் தட்டினதுபோல ஒரு கரகரப்பு. திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு பஸ் ஆட்களும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒருதரம் அடிக்கத்தான் போகிறார்கள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். தொடக்கூடாது என்று கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எண்பது வயது மனிதர் ஒருவர் தன் சங்கத்துக்கு முன்னால் கூனிக் குறுகிப்போயிருப்பார். வெடிப்பு, வெண்கலம், இருநூறு வருடம் என்று விளங்கப்படுத்தியிருக்கலாம். விளங்கி முடிப்பதற்குள் இன்னும் ஐந்து பேர் அடித்திருப்பார்கள். நான் மணியின் நாக்கைக் கையால் பொத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நடை சாத்தியிருக்கு, அண்ணை. இப்ப மணி அடிக்கக்கூடாது."

அவ்வளவுதான். வரிசை முழுக்கக் கப்சிப். செல்வராசா அண்ணை கயிற்றை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற அம்மாமார் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாமி நித்திரை குழம்பிவிடும் என்கிறமாதிரி அடிமேல் அடிவைத்து உள்ளே போனார்கள். அவர்களிடமே இருந்த ஒரு வழக்கத்தை எடுத்துக் கொடுத்தேன், வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு போர்க்கப்பலுக்குப் போய் நடை சாத்தினேனே என்று மனதுக்குள் குறுகுறு என்றிருந்தது. அன்று மாலை பிள்ளையாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மணிச் சத்தம் கீழே வேலை அறைக்குக் கேட்டு, பொறுப்பாளர் அம்மா படியேறி ஓடி வந்தார். ஒருவரையும் ஏசவில்லை. ரோச் லைற்றை அடித்து வெடிப்பைப் பார்த்தபடி, நீ அவர்களிடம் என்ன சொன்னாய், எப்படி இவ்வளவு அமைதியானார்கள் என்று என்னிடம் கேட்டார். திரைக்குப் பின்னால் கடவுள் இளைப்பாறுகிறார், அந்த நேரத்தில் மணி அடிப்பதில்லை என்று சொன்னேன் என்றேன். அவர் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்து, தன்னுடைய வேலையும் அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என்றார்.

அப்போதுதான் ஒருவர் மட்டும் உள்ளே வராததைக் கண்டேன். பூரணம் அக்கா. ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் மகளோடு இருக்கிறவ. எழுபதைத் தாண்டிய மெலிந்த மனுசி. வெளியில் சனம் இருக்கப் போட்டிருந்த வாங்கிலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. வாசலுக்குப் பக்கத்தில் கப்பலின் ஒரு பீரங்கி வைத்திருக்கிறோம் அல்லவா, அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. செல்வராசா அண்ணை அவவைக் கூப்பிடத் திரும்பிப் போனார். நானும் போனேன்.

"நான் உள்ள வரேல்லை. நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

"பூரணம், இது கனடாக் கப்பல். எங்கட பக்கத்துக் கப்பல் இல்லை. இருநூறு வருசம் பழசு."

"கப்பல் கப்பல்தான், அண்ணை. உந்தக் குழாய் எந்தப் பக்கம் பாக்குது எண்டு பாருங்கோ."

பார்த்தோம். வாங்கிலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தது. இத்தனை வருடம் அந்தப் பீரங்கியைத் துடைத்த எனக்கு அது தெரியவில்லை. (இப்போது அது சுவர்ப் பக்கம் பார்க்கிறது. அதற்கும் காரணம் இதுதான்.)

பிறகு பூரணம் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டா.

"தம்பி, நீங்கள் இஞ்ச வேலை செய்யிறனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. உது சனம் இருந்த வீடுகளுக்கு அடிச்சதோ?"

செல்வராசா அண்ணை அவவுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டுகிறார். எனக்கும் அந்தப் பலகை வரிதான் நாக்கு நுனியில் வந்து நின்றது. படைகள் தரையிறங்க உதவியது. பொய்யில்லாத வரி. அதைச் சொல்லியிருந்தால் அவ தலையை ஆட்டிவிட்டு, வெளியிலேயே இருந்து, பஸ்சில் ஏறிப் போயிருப்பா. எனக்கும் ஒரு கரைச்சலும் வந்திராது. உள்ளே கிடக்கிற கப்பலில் எனக்குப் பட்சம் என்று சொன்னேனே, அந்தப் பட்சம்தான் என் வாயை அடைத்தது. நமக்கு விருப்பமானவரைப் பற்றி ஒருவர் நேரே கேட்கும்போது அப்படித்தான் வரும்.

"ஓம் அக்கா. அடிச்சது," என்றேன்.

எந்தக் கரை, எந்த நேரம், பிறகு எப்படி நெருப்பு வைத்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அதன் பிறகு இதே கப்பல் சனத்தை ஏற்றி இறக்கினதையும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவ கேட்டது அது இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு நிற்பதுதான் அந்த நேரத்து மரியாதை என்று பட்டது.

"எத்தினை பேர் செத்தவை?"

"தெரியாது அக்கா. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"எழுத மாட்டினம்," என்று சொன்னா. கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு மெல்ல மெல்ல, பீரங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னா. அவவின் ஊர் கடற்கரையோரம். ஒரு விடியற்காலை கடலில் நின்ற கப்பலிலிருந்து ஷெல் விழத்தொடங்கியது. அவவின் தம்பி மாட்டை அவிட்டுவிட்டு வாறன் என்று பட்டிக்குப் போனவர். ஊரே ஓட வெளிக்கிட்டுக்கொண்டு இருந்தபடியால், ஷெல் பட்டு விழுந்த இடத்திலேயே, வேலி ஓரத்தில் குழி வெட்டித் தாட்டார்கள். சங்கு ஊதவில்லை. சேமக்கலம் அடிக்கவில்லை. பிள்ளைகளே, உங்களில் இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லுகிறேன், செத்தவீட்டில் சங்கோடு சேர்த்து அடிக்கிற வெண்கலத் தட்டுத்தான் சேமக்கலம். அது கேட்டால்தான் ஆத்மா வழி பிடித்துப் போகும் என்பது எங்களுக்கு. தம்பிக்கு அது கேட்கவில்லை என்பதுதான் அவவுக்கு இத்தனை வருடமும் கிடந்த கவலை. கோயிலில் சாந்தி செய்தாயிற்று, அமாவாசைக்கு விரதம் பிடித்தாயிற்று, மனம் ஆறவில்லை என்றா.

சொல்லி முடித்துவிட்டு எழும்பினா. செருப்பைக் கழற்றினா. நேரே வாசலுக்கு வந்து மணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தா.

"அப்ப நடை எப்ப திறப்பியள், தம்பி?"

வரிசையை நிறுத்த நான் சொன்ன சொல் என்னிடமே திரும்பி வந்து நின்றது. அவ கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அந்தக் கரையில் செத்த, பெயர் தெரியாத சனத்துக்கும் தன் தம்பிக்கும் சேர்த்து, சுட்ட கப்பலின் மணியிலேயே ஒரு அடி. அவவுக்கு அது வேணும். பிளந்துபோகக்கூடிய மணி. பக்கத்தில் ரோச் லைற்றோடு நிற்கிறவர், இயக்குநரையே தொடவிடாத மனுசி.

எனக்கு என்ன அதிகாரம்? நான் முடிவெடுக்கவில்லை. முடிவெடுக்கக்கூடியவரிடம் கேள்வியைக் கொண்டுபோனேன். ஆனால் குறைக்காமல் கொண்டுபோனேன். ஒரு முதிய அம்மா மணியடிக்க ஆசைப்படுகிறா என்று மொழிபெயர்த்திருந்தால் பதில் ஒரு சொல்லில் வந்திருக்கும். என் தட்டுத்தடுமாறுகிற இங்கிலீசில் மாட்டைச் சொன்னேன், வேலியைச் சொன்னேன், சேமக்கலத்தைச் சொன்னேன். பலகையில் இல்லாத கிராமத்தைப் பற்றி அவ கேட்டதையும், நான் ஓம் என்று சொன்னதையும் சொன்னேன்.

பொறுப்பாளர் அம்மா பூரணம் அக்காவைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். அவருடைய யோசனை முகத்தில் தெரிந்தது. கூடாது என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொன்னாலும் அது சரிதான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறைகளை எடுத்தார். இந்த மணியை வருடத்தில் இருமுறை சோதிக்கவேண்டும், இந்தக் கோடைக்கு இன்னும் சோதிக்கவில்லை என்று எனக்குச் சொன்னார். அது மெய்தான். வெடிப்பு வளர்ந்திருக்கிறதா என்று, மடக்கிய விரலால் மணியின் இடுப்பில் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பதுதான் அந்தச் சோதனை. ஒரு கையுறையைத் தான் போட்டுக்கொண்டு, வெடிப்புக்கு எதிர்ப்பக்கத்தில், கதவு தட்டுகிற அளவுக்குக்கூட இல்லாமல், ஒருதரம் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. செல்வராசா அண்ணையின் கைங்கரியத்தால் ஒன்றும் ஆகவில்லை. மற்றக் கையுறையைப் பூரணம் அக்காவின் கையில் அவரே மாட்டிவிட்டார். காப்பு இடைஞ்சல் கொடுத்தது. பொறுமையாக அதை மேலே தள்ளிவிட்டு மாட்டினார். தட்டவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டாவது தட்டு உங்களுடையது என்று சொல்லச் சொன்னார்.

நான் தமிழில் சொன்னேன். "நடை திறந்தாச்சு, அக்கா."

பூரணம் அக்கா வாய்க்குள் ஒரு பெயரைச் சொன்னா. எனக்குக் கேட்டது, நான் இங்கே எழுதமாட்டேன். பிறகு மடக்கிய விரலால் ஒருதரம் தட்டினா.

பெரிய சத்தம் இல்லை. அடித்தொண்டையிலிருந்து யாரோ "ம்" கொட்டினதுபோல ஒன்று. ஆனால் அது நின்றுவிடவில்லை. மரத்துக்குள் போய், மண்டபத்துக்குள் போய், இழுபட்டுக்கொண்டே போனது. உள்ளே கப்பலைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் வெளியில் நடந்த கதை தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. அந்தச் சத்தம் போனபோது எல்லாருடைய கையும் தலைக்கு மேலே குவிந்திருந்தது. பொறுப்பாளர் அம்மா மணியில் காதை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார், சத்தம் முழுதாக அடங்கும்வரைக்கும்.

பூரணம் அக்கா கையுறையைக் கழற்றி, நாலாக மடித்து அவரிடம் கொடுத்தா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கட கப்பலுக்குத் தொண்டை கட்டியிருக்கு, தம்பி. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ," என்றா. சொல்லிவிட்டு உள்ளே போய், ஆறுதலாக, முழுக் கப்பலையும் சுற்றிப் பார்த்தா. மூட்டை ஏற்றின கதையையும் காய்ச்சல்காரரை ஏற்றின கதையையும் அப்போதுதான் கேட்டா. சொன்னேன். புளிச்சாதத்தில் ஒரு பங்கு பொறுப்பாளர் அம்மாவுக்குப் போனது. அவர் மிளகாயை ஒதுக்காமல் சாப்பிட்டார்.

பிள்ளையாரிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை அவர் என்னைப் பிழையென்று சொன்னதாக எனக்குப் படவில்லை.

அடுத்த வருடம் சங்கத்தார் வரப்போகிற நாள் தெரிந்ததும், பொறுப்பாளர் அம்மா கோடைச் சோதனையை அதே நாளுக்கு மாற்றி வைத்தார். காரணம் ஒருவருக்கும் சொல்லவில்லை. மணி நாக்குக்கு வாரும் போட்டார். எதிர்க்கரைக் கிராமத்துக்கு இப்போது ஒரு தனிப் பலகை இருக்கிறது. அவரும் நானும் ஓய்வு பெற்றாலும் அந்த ஒழுங்கு மாறவில்லை. இரண்டாவது தட்டு இப்போதும் பஸ்சில் வருகிற ஒருவருடையதுதான். யார் தட்டுவது என்பதை அவர்களே தீர்மானித்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் கேட்கவேண்டாம்.

இந்தக் கோடையில் அந்த நாளுக்கு உங்களில் ஒருவர்தான் மணிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறீர்கள். கையுறை மாட்டும்போது காப்பைப் பார்த்து மாட்டுங்கள். தட்டினபின் சரித்திரம் சொல்ல அவசரப்படாதீர்கள். சத்தம் உங்கள் காதுக்கு முடிந்தபிறகும் அவர்கள் காதுக்குக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு இருக்கும். அவர்கள் கையை இறக்குகிறவரைக்கும் வாயைத் திறக்காமல் நில்லுங்கள்.